ஒரு சிட்டிகை நீலமும் ஒரு டின் நீலமும்

வீட்டுக்கு வெள்ளையடிப்பது என்றால் சுண்ணாம்புதான் என்று இருந்த காலம் ஒன்று உண்டு. பண்டிகை நெருங்கினால் சுண்ணாம்பை ஊறவைத்து, அந்த வாளியில் துணிக்குப் போடும் நீலப்பொடியை ஒரு சிட்டிகை கலப்பார்கள். சுவரை நீலமாக்க அல்ல, மஞ்சள் தட்டும் வெள்ளையைப் பளிச்சென்று காட்டத்தான்!

இன்று சிட்டிகை போய் டின் வந்துவிட்டது. அமெரிக்காவின் பேண்டோன் நிறுவனம் 'கிளாசிக் ப்ளூ'வை 2020-ஆம் ஆண்டின் நிறமாக அறிவித்தது. அடர்நீல ஹால், வெள்ளை சோபா, பெரிய கண்ணாடி ஜன்னல் என்று செல்போனில் படங்கள் வந்து குவிகின்றன. ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக் காடுகளுக்கு நடுவே இருக்கும் வரதராஜன்பேட்டையில் புது வீடு கட்டுபவருக்கும் அதே படம்தான் வருகிறது. படத்தில் இருக்கும் ஜன்னல் அவர் வீட்டில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அடர்நீலம் மட்டமான நிறம் இல்லை. அல்ட்ராமரைன் என்ற நீலத்தை ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானில் கிடைக்கும் லாபிஸ் லசூலி கல்லை அரைத்துத்தான் எடுத்தார்கள். ஐரோப்பிய ஓவியர்கள் மாதாவின் மேலாடைக்கு அதைப் பூசினார்கள். விலை உயர்ந்த நிறம், உயர்ந்தவருக்கு! பிரான்சில் கிமே என்பவர் 1820-களில் அதைச் செயற்கையாகச் செய்த பிறகு விலை சரிந்தது. துணிக்குப் போடும் நீலப்பொடியும் அந்தச் செயற்கை நீலம்தான். அது சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். பிரஷ்யன் நீலம் தாங்காது, நிறம் கெட்டுவிடும். வேதியியல் படிக்காமலே சரியான நீலத்தைத்தான் வாளியில் போட்டிருக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். அடர்நீலம் பத்தில் ஒரு பங்கைத் திருப்பினாலே அதிகம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டிய வீட்டில் வெளிச்சம் வாசலிலும் கொல்லையிலும் மட்டும்தான். நடு அறையின் நாலு சுவரையும் அடர்நீலமாக்கினால் பகல் பன்னிரண்டு மணிக்கும் லைட் போட வேண்டும்.

அடுத்தது செலவு. வணிகவியல் மாணவர்களுக்குத் தெரிந்த பாடம்தான்: வாங்கும் விலை மட்டும் செலவாகாது, விட்டு வெளியேறும் செலவையும் சேர்க்க வேண்டும். அடர் நிறங்கள் பொதுவாகவே வெள்ளையைவிட விலை கூடுதல். பிடிக்காமல் போய் மறுபடி வெளிர் நிறத்துக்கு மாறினால் பிரைமர், அதன்மேல் இரண்டு மூன்று கோட்டிங், பெயிண்டர் கூலி. சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூத்தால் வெள்ளையில் அவ்வளவாகத் தெரியாது, நீலத்தில் ஊருக்கே தெரியும்.

அப்படியானால் அடர்நீலமே வேண்டாமா? வேண்டும், ஒரே ஒரு சுவருக்கு. ஜன்னலுக்கு நேர் எதிரே வெளிச்சம் விழும் சுவராக இருக்கட்டும். மற்ற மூன்றும் கூரையும் வெள்ளையாக இருக்கட்டும். அதற்கு முன் சின்ன டப்பா வாங்கி இரண்டடிக்கு இரண்டடி பூசி, காலை, மதியம், இரவு என்று இரண்டு நாள் பார்க்கலாம். டியூப்லைட்டில் ஒரு நீலம், மஞ்சள் விளக்கில் வேறு நீலம். ஷேடு கார்டு இதைச் சொல்லாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, யார் முடிவு செய்கிறார்கள் என்பது. வெளியூரில் வேலை பார்க்கும் மகன் போனில் படம் அனுப்புகிறார், அப்பா தலையாட்டுகிறார், பெயிண்டர் அடித்துவிட்டுப் போகிறார். அந்த அறையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கப் போவது அம்மா. பரீட்சைக்குப் படிக்கப் போவது தங்கை. பகலெல்லாம் அந்தச் சுவரோடு இருக்கப்போகிற அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

அவர்களும் நீலம்தான் கேட்கலாம், அதுவும் நாலு சுவருக்கும் கேட்கலாம். கேட்டால் தாராளமாக அடிக்கட்டும். கேட்காமல் அடிப்பதுதான் தப்பு.