ஏட்டிலுள்ள யாழ் கைக்கு வருக!

மகளுக்கு யாழினி என்று பெயரிடும் வழக்கம் இன்று தமிழ்நாடெங்கும் பெருகியுள்ளது. தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர்ப் பக்கத்துப் பள்ளிகளிலும் யாழினிகளும் யாழிசைகளும் யாழ்மொழிகளும் பயில்கின்றனர். பிறமொழிப் பெயர்களை விலக்கித் தூய தமிழ்ப்பெயர் சூட்டிய பெற்றோர் பாராட்டுக்குரியர். ஆயின், அம்மகள் வளர்ந்து, “அப்பா, யாழ் என்பது யாது? அஃது எவ்வாறு ஒலிக்கும்?” என்று வினவினால், தந்தை எதனை எடுத்துக் காட்டுவார்? பாடநூலில் உள்ள படத்தைக் காட்டலாம். கோயிற் சிற்பத்தைச் சுட்டலாம். நரம்பைத் தெறித்து, “இதுவே அவ்வொலி” என்று சொல்ல அவர் வீட்டில் யாழ் இல்லை. அவர் தெருவிலும் இல்லை. அவர் ஊரில் இசைக்கருவி விற்கும் கடையிலும் இல்லை. பெயர் வாழ்கின்றது; பொருள் இல்லை. தமிழ்ப்பற்றுடையோர் எண்ணிப் பார்க்கவேண்டிய குறை இது.

யாழ் ஏன் மறைந்தது? சொல்லை மறந்ததனால் அன்று; சொல்லைப் புலவர் காத்தனர். பாடலை இழந்ததனால் அன்று. பாணரையும் பேரியாழையும் பாடிய பாட்டுகள் இன்றும் உள்ளன. அதனைச் செய்த கை ஓய்ந்தது. ஆகலின் கருவி மறைந்தது. மரத்தைத் தேர்ந்து, குடைந்து, தோல் போர்த்து, நரம்பு கட்டிய கைகளின் வழிமுறை அற்றுப்போனபின், எஞ்சியவை உறுப்புகளின் பெயர்களே. பத்தர், போர்வை, கோடு, திவவு, ஆணி, நரம்பு என அப்பெயர்களை மனப்பாடம் செய்த மாணவர் பல்லாயிரவர். அவற்றுள் ஒன்றையேனும் உளியால் செதுக்கியவர் மிகச் சிலர்.

பழந்தமிழ் நூல்கள் யாழின் அழகை மட்டுமா பாடின? அதன் செய்வகையையும் அறிந்து பாடின. பொருநராற்றுப்படை யாழின் உறுப்புகளை ஒவ்வொன்றாக உவமை காட்டி விளக்குகின்றது. கண்ணால் கண்டவர்க்கன்றி அவ்விளக்கம் வாராது. சீவக சிந்தாமணியில், சீவகன் தன்முன் வைக்கப்பெற்ற யாழ்களை வாசிக்குமுன் ஆராய்கின்றான். நீரில் நின்ற மரம், அழுகிய மரம், தீயில் வெந்த மரம், இடி விழுந்த மரம் எனக் கோட்டின் குற்றங்களைக் கண்டு விலக்குகின்றான். நரம்பில் மயிர் கலந்திருப்பதைப் பிரித்துக் காட்டுகின்றான். இது புலவனின் கற்பனை என்று ஒதுக்கத்தக்கதன்று. ஈரம் ஏறிய மரமும் உள்ளே வெடித்த மரமும் ஒலியைக் கெடுக்கும் என்பதை இற்றைத் தச்சரும் ஒப்புவர்.

இவற்றினும் வியப்பானது பெரும்பாணாற்றுப்படை காட்டும் இடையனின் யாழ். இன்றைய தாம்பரமும் வண்டலூரும் அடங்கிய தொண்டை நாட்டின் தலைவன் இளந்திரையனைப் பாடும் பாட்டு அது. ஆநிரை மேய்க்கும் ஒருவன், தீக்கடைகோலால் துளையிட்ட குழலை ஊதி, அதில் வெறுப்புற்றபோது, உள்துளையுடைய குமிழங்கொம்பை வளைத்து, மரல்நாரை முறுக்கி நரம்பாகக் கட்டி, வில்யாழ் ஒன்றைத் தானே செய்து மீட்டுகின்றான். அவனுக்கு அரண்மனை இல்லை, பட்டறை இல்லை, பட்டமும் இல்லை. கையும் காதும் இருந்தன. காட்டுவெளியில் மாடு மேய்த்தவனால் இயன்றது, மின்விளக்கும் இழைப்புளியும் உடைய இற்றைத் தமிழனால் இயலாதா?

யாழை மீட்க ஒருவரும் முயலவில்லை என்பதும் உண்மையன்று. ஈழத்துக் காரைதீவில் 1892-இல் தோன்றிய விபுலானந்த அடிகள், அறிவியலும் தமிழும் ஒருங்கு கற்றவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர். சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் கணக்கறிவின் துணைகொண்டு ஆராய்ந்து, பழைய யாழ்களின் உருவையும் நரம்புகளின் ஒலிநிலைகளையும் வகுத்து ‘யாழ் நூல்’ எழுதினார். அந்நூல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக 1947 சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று. அடுத்த திங்களே அடிகள் மறைந்தார். நூல் மறுபதிப்புகள் கண்டது. அடிகளுக்கு விழாக்கள் எடுக்கப்பெற்றன. ஆனால் அந்நூலை மடியில் விரித்துவைத்து மரம் அறுக்கும் பட்டறை, ஊர்தோறும் வேண்டாம், மாவட்டத்துக்கு ஒன்றேனும் எழுந்ததா?

செய்யும் கை ஓயாதிருந்தால் என்ன விளையும் என்பதற்கு இரு சான்றுகள் உள்ளன. முதலாவது பருமா. அந்நாட்டின் ‘சவுங்கு’ என்னும் வளைந்த நரம்புக்கருவி, குடைந்த மரப்பத்தரும் மான்தோற் போர்வையும் வளைகோடும் உடையது. நரம்புகளைக் கோட்டில் செந்நிறக் கயிற்றால் வரிந்து கட்டிச் சுருதி கூட்டுவது அதன் பழைய முறை. திவவு என்று தமிழ்நூல்கள் கூறும் வார்க்கட்டை அது நினைவூட்டுகின்றது. அங்கே செய்வோர் வழிவழியாகச் செய்துவந்தனர். ஆகலின் கருவி இன்றும் வாழ்கின்றது. இரண்டாவது இங்கிலாந்து. அங்கும் பழைய நரம்புக்கருவிகள் வழக்கொழிந்து அருங்காட்சியகங்களில் உறங்கின. ஆர்னால்டு தோல்மெச்சு என்பார் ஏட்டை மட்டும் படித்து அமையவில்லை. 1893-இல் தம் கையாலேயே ‘இலூட்’ என்னும் நரம்புக்கருவியைச் செய்தார். பின்னர் ஆசில்மியர் என்னும் சிற்றூரில் பட்டறை அமைத்துப் பல பழங்கருவிகளை மீளச் செய்தார். செய்தபின்னரே வாசிப்போர் பிறந்தனர். வாசித்தபின்னரே கேட்போர் பெருகினர். கருவி முதல், கச்சேரி பின்னர்.

தமிழ்நாட்டிலும் ஓயாத கை ஒன்று உண்டு. அது தஞ்சைத் தச்சரின் கை. தஞ்சை வீணை 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. முதிர்ந்த பலாமரத்தைத் தேர்ந்து, குடத்தைக் குடைந்து, 24 மெட்டுகளை மெழுகில் பதித்து, 7 நரம்புகளைப் பூட்டி அவர்கள் அதனை ஆக்குகின்றனர். ஒரே மரத்தில் முழுவதும் கடைந்தெடுப்பதை ஏகாண்ட வீணை என்பர். கரிப்பொடி கலந்த மெழுகைக் கட்டி, ஒவ்வொரு மெட்டையும் நூலிழை அளவு நகர்த்திக் காதால் கேட்டு நிறுத்தும் நுண்பணியை மேளம் கட்டுதல் என்பர். இங்கே தனித்தமிழ் அன்பர் ஒன்றை உற்று நோக்கவேண்டும். கருவியின் பெயரும் சுரங்களின் பெயர்களும் வடமொழியாய் நிற்க, அதனைச் செய்வோர் வாயில் குடம், மெட்டு, குதிரை, சுரை, மெழுகு என்னும் தமிழே நிற்கின்றது. மேடையில் தமிழ் வீழ்ந்த இடத்திலும் பட்டறையில் தமிழ் வீழவில்லை. அதனைக் காத்தவர் புலவரல்லர். உளி பிடித்த உழைப்பாளர். அவ்வுழைப்பாளரின் பிள்ளைகள் வருவாய் போதாமையால் வேறு தொழில் தேடிச் செல்வாராயின், அவர்களோடு செல்வது ஒரு தொழில் மட்டுமன்று. ஒரு சொல்வளமும் ஆகும்.

இனிச் சென்னையின் தென்புறத்துக்கு வருவோர்க்கு ஒரு நினைவு எழாமற் போகாது. மறைமலையடிகள் பல்லாவரத்தில் வாழ்ந்து 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். சொல்லைத் தூய்மை செய்யும் பணி இப்பகுதியில்தான் முளைத்தது. அதே மண்ணில் அச்சொற்குரிய பொருளை ஆக்கும் பணியும் முளைத்தல் தகும். சென்னையில் தருண் சேகர் என்னும் இளைஞர், கட்டடக்கலை பயின்றவர், ‘உரு’ என்னும் பெயரில் பட்டறை அமைத்து யாழை மீண்டும் செய்து ஒலிக்கச் செய்துள்ளார். ஒருவரால் இயன்றது பலரால் இயலும் என்பதற்கு அது போதிய சான்று.

இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டும் என்று மலைக்க வேண்டா. வீட்டின் பின்கட்டோ, மாடியில் ஒரு கூரைக்கொட்டகையோ போதும். வாள், உளி, இழைப்புளி, அரம், துளைக்கருவி, பிடிசட்டம் என்னும் சில கருவிகள் போதும். பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய தச்சுக்கருவிகளைத் தேடிப் பார்க்கலாம். மரத்துக்கும் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. 2016 திசம்பர் 12-இல் வீசிய வர்தா புயலில் சென்னையிலும் புறநகரிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன. அவற்றுள் எத்தனை மரங்கள் விறகாயின, எத்தனை குப்பையாயின! மரத்தின் அருமை அறிந்த பட்டறை ஒன்று தெருவுக்கு அருகில் இருந்திருப்பின், அவற்றுள் சிலவேனும் பத்தராகவும் கோடாகவும் மறுபிறப்பு எய்தியிருக்கும்.

செய்முறையில் முதற்கண் வேண்டுவது பொறுமை. வெட்டிய மரத்தின் வெட்டுமுகங்களில் மெழுகு பூசி, நிழலில் காற்றாட அடுக்கி வைத்தல் வேண்டும். திங்கள்தோறும் எடை பார்த்து, எடை மேலும் குறையாத நிலை வந்தபின்னரே உளி வைத்தல் வேண்டும். பதம் வாராத மரம் பின்னர் முறுகும், வெடிக்கும். பத்தரின் மேல் நனைத்த ஆட்டுத்தோலை இழுத்துப் போர்த்து, மெல்ல உலரவிடுதல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தோல் ஈரம் ஏற்றுத் தளரும். நரம்பின் ஒலியும் தாழும். ஆகலின் போர்வைப் பணியை வறண்ட திங்களிற் செய்வதே நன்று. இறுதி மெருகிலும் அளவு வேண்டும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சோ அரக்குப் பூச்சோ மரத்தைக் காக்கும். பளபளப்புக்காகத் தடிக்கப் பூசினால் ஒலி மங்கும்.

நரம்பின் கணக்கு கைவேலையோடு கூடும்போதுதான் நூலறிவு உயிர்பெறுகின்றது. 60 செ.மீ. நீளமுள்ள நரம்பைக் குரல் என்று கொண்டால், அதே பருமனும் அதே இழுவையும் உடைய 40 செ.மீ. நரம்பு இளியாய் ஒலிக்கும், 30 செ.மீ. நரம்பு மேற்குரலாய் ஒலிக்கும். யாழில் ஒவ்வோர் ஒலிக்கும் ஒவ்வொரு நரம்பு. ஆகலின் நீளங்கள் படிப்படியாகக் குறைதல் வேண்டும். கோடு வளைந்திருப்பது அழகுக்காக மட்டுமன்று. இக்கணக்குக்கு இடந்தரவே என்பது, நரம்பு கட்டிப் பார்த்தவனுக்கு ஒரு நொடியில் விளங்கும். செங்கோட்டியாழுக்கு 7, சகோடயாழுக்கு 14, பேரியாழுக்கு 21 என உரைநூல்கள் கூறும் எண்களை மனப்பாடம் செய்தவனுக்கோ அது நாற்பதாண்டு கற்பித்தாலும் விளங்காது.

தமிழாசிரியர்க்கு இதிற் கடமை இல்லையா? உண்டு. உளி பிடிப்பவனைக் கல்லாதவன் என்றும், ஏடு பிடிப்பவனைக் கற்றவன் என்றும் பிரித்த பிரிவே யாழைக் கொன்றது. அப்பிரிவு ஒழிய வேண்டும். ஆசிரியர் தம் மாணவரை ஒருமுறையேனும் தச்சர் பட்டறைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும். தஞ்சைத் தச்சர் வழங்கும் சொற்களைக் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். தமிழ் மன்றங்கள் ஆண்டுவிழாவுக்குப் பொன்னாடையும் கேடயமும் வாங்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, ஓர் யாழைச் செய்வித்து வாங்குதல் வேண்டும். வாங்கும்போது பேரம் பேசி விலையைக் குறைத்தலாகாது. தமிழ் வாழ்க என்று முழங்கிவிட்டுத் தமிழ்க்கருவி செய்தவனைப் பட்டினி போடுதல் எவ்வகைப் பற்று?

முதலில் செய்யும் யாழ் இனிமையாய் ஒலிக்காது போகலாம். தோல் தளரலாம், ஆணி வழுக்கலாம், கோடு சிறிது முறுகலாம். அதனால் இழிவொன்றும் இல்லை. இரண்டாவது அதனினும் நன்றாக ஒலிக்கும், பத்தாவது அரங்கேறும். செய்யாதிருப்பதே இழிவு. கையில் இல்லாத பொருளின் பெயர் நாவில் நெடுநாள் நிலைக்காது; நிலைத்தாலும் அது வெறும் ஒலியாகவே நிற்கும். மகளுக்கு யாழினி என்று பெயர் சூட்டிய தந்தை, அவள் பத்தாம் அகவை நிரம்புமுன், அவளும் கைகொடுக்க, வீட்டுப் பின்கட்டில் ஏழு நரம்புடைய சிறுயாழ் ஒன்றைச் செய்து முடிப்பாராக! அன்றே அவர் சூட்டிய பெயர் பொருளுடையதாகும்.