வீட்டு உறுதியில் பெயருண்டு, கதையில் ஏன் இல்லை?

2025 மே மாதம் பானு முஷ்தாக்குக்குச் சர்வதேச புக்கர் பரிசு கிடைத்த செய்தி வந்தபோது கிழக்கிலங்கையில் கல்முனையிலிருந்து பொத்துவில் வரை முகநூலில் ஒரே வாழ்த்து மழை. கர்நாடகத்தின் ஹாசன் நகரத்துப் பெண், சட்டத்தரணி, கன்னடத்தில் எழுதுபவர். ‘ஹார்ட் லாம்ப்’ என்ற அந்தத் தொகுப்பின் பன்னிரண்டு கதைகளும் முஸ்லிம் பெண்களின் வாழ்க்கையைத்தான் சொல்கின்றன. ஒரு சிறுகதைத் தொகுப்பு அந்தப் பரிசைப் பெறுவது அதுவே முதல் தடவை. “நம்மட சகோதரி” என்றார்கள், “மாஷா அல்லாஹ்” என்றார்கள். அந்தக் கதைகளில் ஒன்றையாவது வாசித்திருந்தால் வாழ்த்தியவர்களில் பாதிப்பேர் பதிவை அழித்துவிட்டு ஓடியிருப்பார்கள். புருஷன் கைவிட்ட ஒருத்தி பிள்ளைகளோடு பள்ளிவாசலில் வந்து குந்தியிருந்து, அதை நிருவகிக்கும் முத்தவல்லியிடம் நியாயம் கேட்கிறாள். முத்தவல்லி கேட்டும் கேளாதவராகப் போகிறார். அப்படிப்பட்ட கதைகள் அவை. பள்ளிவாசலில் தொழும் உரிமை பெண்களுக்கும் உண்டு என்று சொன்னதற்காக 2000இல் பானு முஷ்தாக்கை அவருடைய சமூகமே விலக்கி வைத்தது. கத்தியோடு ஒருவன் அவரைத் தேடியும் வந்தான். இருபத்தைந்து வருடம் கழித்து இலண்டனில் பரிசு கிடைத்ததும் அவர் எல்லோருக்கும் சகோதரி ஆகிவிட்டார்.

ஹாசன் கடலுக்கு அப்பால் இருக்கிறது. ஏறாவூர் பக்கத்தில் இருக்கிறது. 2012 நவம்பரில் பிபிசி தமிழோசைக்குக் கொடுத்த செவ்வியில் பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்குவது பற்றி அந்த ஊர் எழுத்தாளர் ஸர்மிளா ஸெய்யித் ஒரு கருத்துச் சொன்னார். அதில் உடன்பாடில்லாதவர்கள் மறுத்து எழுதியிருக்கலாம், மேடை போட்டு வாதாடியிருக்கலாம். நடந்தது வேறு. மிரட்டல், வசை, குடும்பத்தார் நடத்திய ஆங்கிலப் பாடசாலை மீது தாக்குதல். கடைசியில் அவர் ஊரை விட்டே போக வேண்டி வந்தது. மூன்று பெண்களின் கதையைச் சொல்லும் அவருடைய ‘உம்மத்’ நாவல் 2014இல் வந்தது. 2015 மார்ச்சில் அவர் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார் என்று யாரோ ஒரு சடலத்தின் படத்தைப் போட்டுப் பொய்ச் செய்தி பரப்பினார்கள். உயிரோடு இருக்கும் எழுத்தாளரைக் கற்பனையில் கொன்று அதைப் பகிர்ந்து மகிழ்ந்த கூட்டம் ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல. கண்டன அறிக்கையில் கையெழுத்து வைத்த சிலரை விட்டுவிடுவோம். நமது கரையோரத்தின் மற்ற இலக்கிய வட்டங்கள், மன்றங்கள், பேரவைகள் அன்று எங்கே இருந்தன? இதை நாம் கண்டிக்கிறோம். வசைபாடியவர்களை மட்டுமல்ல, வாய் மூடியிருந்தவர்களையும் சேர்த்தே கண்டிக்கிறோம்.

இந்தக் கரையோரத்துக்குச் சிறுகதை புதிதல்ல. அக்கரைப்பற்றின் அ.ஸ. அப்துஸ் ஸமது, மருதமுனையின் மருதூர்க்கொத்தன், நிந்தவூரின் எஸ். முத்துமீரான், கல்முனையின் உமா வரதராஜன், சாய்ந்தமருதின் தீரன் ஆர்.எம். நௌஷாத். இந்தப் பெயர்களை எந்த மேடையிலும் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். ஒப்பிக்கத் தகுதியான பெயர்கள்தான். அதே மேடையில், இதே ஊர்களிலிருந்து சிறுகதை எழுதிய ஐந்து முஸ்லிம் பெண்களின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். பேச்சாளர் தொண்டையைக் கனைப்பார். பிறகு அனாரின் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார். அனார் கவிஞர் என்பதுகூட அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வராது.

கவிதையைப் பொறுத்துக்கொள்ளும் ஊர் கதையை ஏன் பொறுப்பதில்லை என்பதை யோசிக்க வேண்டும். 1986இல் யாழ்ப்பாணத்தில் ‘சொல்லாத சேதிகள்’ வெளிவந்தபோது அதிலிருந்த பத்துப் பெண் கவிஞர்களில் மசூறா ஏ. மஜீட் ஒருவர். அதற்குப் பிறகு சாய்ந்தமருதிலிருந்து அனாரின் தொகுப்புகள் வந்தன, தமிழகத்திலும் பேர் வாங்கின. கவிதையில் கோபத்தை மழையாக்கலாம், கடலாக்கலாம், இரவாக்கலாம்; விளங்கியவனுக்கு விளங்கும், விளங்காதவன் தலையாட்டிவிட்டுப் போவான். சிறுகதை அப்படி விடாது. அதற்குள் ஒரு வீடு வேண்டும், வீட்டுக்குள் ஒரு புருஷன், ஒரு மாமி, சீதனப் பேச்சுக்கு வந்து போகும் பெரியவர்கள், காதி நீதிமன்றத்துக்குப் போகும் ஒரு வழி, எல்லாமே வேண்டும். வாசிக்கிறவன் முதல் பந்தியிலேயே “இது ஆருட வீடு?” என்று கேட்கத் தொடங்குகிறான். மூன்றாம் பந்தியில் ஒரு பெயரைக் கண்டுபிடித்துவிடுகிறான். மாலைக்குள் எழுதியவளின் வாப்பாவுக்கு ஆள் போகிறது. ஆண் எழுதினால் கற்பனை, பெண் எழுதினால் வாக்குமூலம். இந்த வாசிப்பு முறைதான் இங்கே எத்தனையோ கதைகளைக் கொன்றது. இதற்குத் தடைச் சட்டமும் தேவைப்படவில்லை, பத்வாவும் தேவைப்படவில்லை.

“எங்கட பொம்புளைகளுக்கு என்ன குறை? வீடே அவங்கட பேரிலதானே” என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. உண்மைதான். கிழக்கிலங்கையில் வீடு மகளுக்குப் போகிறது, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறான், குடி தாய்வழியில் எண்ணப்படுகிறது. உலகத்தின் பல முஸ்லிம் சமூகங்களில் இல்லாத ஏற்பாடு இது. இதைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள், அந்த வீட்டைக் கட்டியது யார் என்பதைச் சொல்வதில்லை. மகளுக்கு வீடு கட்டுவதற்காக உம்மா சவூதிக்கும் குவைத்துக்கும் போய் அடுப்படியில் வெந்த கதையை நாம் எல்லோரும் அறிவோம். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் அந்த வீடுகளை அள்ளிக்கொண்டு போனது. மீள்குடியேற்றப் படிவங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் எழுதப்பட்டது பெரும்பாலும் ஆணின் பெயர். பரம்பரை பரம்பரையாகப் பெண் பேரில் இருந்த வீடு ஒரு படிவத்தோடு கைமாறியது. இதை விடச் சிறுகதைக்கு ஒரு கரு வேண்டுமா? அந்தக் கதையை யார் எழுதினார்கள், எழுதியிருந்தால் அதை யார் அச்சிட்டார்கள்?

வீட்டு உறுதியில் பெயருள்ள அதே பெண்ணின் கையொப்பத்தை அவளுடைய விவாகப் பதிவு கேட்கவில்லை. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் வலீயின், அதாவது அவளுடைய ஆண் பாதுகாவலரின், ஒப்பத்தோடு திருப்திப்பட்டுக்கொண்டது. திருமணத்துக்குக் குறைந்தபட்ச வயது என்று ஒன்றை வகுக்கவில்லை, காதியாகப் பெண் அமர இடம் வைக்கவில்லை. அந்தச் சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய 2009இல் நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் நியமித்த குழு அறிக்கை கொடுக்க 2018 ஆகிவிட்டது. ஒன்பது வருடம்! அந்த ஒன்பது வருடத்துக்குள் விவாகப் பதிவேட்டில் ஏறிய சிறுமிகளின் கதை எங்கே? சட்டத்தைப் பற்றிப் பெண்கள் அமைப்புகள் எழுதியவை இருக்கின்றன. வாக்குமூலங்களும் அறிக்கைகளும் இருக்கின்றன. இலக்கியத்தில்தான் வெற்றிடம்.

கிழக்கின் நாட்டார் கவிகளை முத்துமீரானும் அனாரும் தேடித் தொகுத்தார்கள், நன்றிக்குரிய வேலை. அந்தக் கவிகளை மேடையில் பாடிக் காட்டிக் கைதட்டு வாங்காத பேச்சாளர் இல்லை. வட்டையிலும் வாசலிலும் பெண் பாடிய காதலும் ஏக்கமும் ஏசலும் நமக்கு இனிக்கின்றன. பாடியவள் யார் என்று தெரியாது, அவள் மௌத்தாகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது, அவளால் நமக்கு ஒரு தொந்தரவும் இல்லை. உயிரோடு, முகவரியோடு, பெயரோடு ஒருத்தி அதே ஏக்கத்தை உரைநடையில் எழுதினால் மட்டும் ஒழுக்கம் கெட்டுவிடுகிறது.

பெண் இப்படிக் கதை எழுதுவது மேற்கிலிருந்து வந்த நோய் என்பார்கள். வரலாறு தெரியாதவர்களின் பேச்சு. 1905இல், ஆண்கள் அந்தப்புரத்தில் அடைபட்டிருக்கப் பெண்கள் அறிவியலால் நாடாளும் ஒரு கனவைக் கதையாக எழுதியவர் வங்கத்தின் ரொக்கையா சகாவத் ஹுசைன். அது அச்சேறியது இலண்டனில் அல்ல, மதராஸில் வெளிவந்த ஒரு பெண்கள் சஞ்சிகையில். அவரே பிறகு கல்கத்தாவில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தினார். 1932இல் லக்னோவில் ‘அங்காரே’ என்ற உருதுத் தொகுப்பு வந்தது. நால்வர் எழுதியது, மூவர் ஆண்கள், ஒருவர் ரஷீத் ஜஹான் என்ற மருத்துவர். அடுத்த மார்ச்சில் ஐக்கிய மாகாண அரசு அதைத் தடைசெய்தது. ரஷீத் ஜஹானின் கதை சில பக்கம்தான். டில்லியைப் பார்க்க ஆசைப்பட்டு ஒருத்தி புருஷனோடு புகைவண்டியில் போகிறாள். நிலையத்தில் அவளைப் புர்காவோடு மூட்டை முடிச்சின் மேல் உட்கார்த்தி வைத்துவிட்டு அவன் நண்பனோடு போய்விடுகிறான். வருகிறவன் போகிறவன் எல்லாம் அவளைப் பார்க்கிறான். கடைசியில் அவள் ஊருக்கே திரும்பிப் போவோம் என்கிறாள். நகரத்தில் அவள் பார்த்தது அந்த நிலையம் மட்டும்தான். ஒரு கெட்ட வார்த்தை அதில் இல்லை, ஒரு கோஷம் இல்லை. மூக்கை அறுப்போம் என்று மிரட்டல் வந்தது அவருக்குத்தான். அவர் வைத்தியத்தையும் விடவில்லை, எழுத்தையும் விடவில்லை. அவரைப் பார்த்து வளர்ந்த இஸ்மத் சுக்தாய் ‘லிஹாஃப்’ கதைக்காக லாகூர் நீதிமன்றத்தில் ஆபாச வழக்கை எதிர்கொண்டார். ஆபாசமான சொல் எது என்று எவராலும் சுட்டிக்காட்ட முடியாமல் வழக்கு விழுந்தது.

அதெல்லாம் வடக்கே என்று ஒதுக்குகிறவர்கள் தமிழகத்து நாகூரைப் பார்க்கட்டும். கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் நாகூர் நாயகத்தின் பெயரால் கொடியேற்றுகிறோம். அந்த நாகூரில் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய சித்தி ஜுனைதா பேகம் 1938இல் ‘காதலா கடமையா’ நாவலை வெளியிட்டார். முன்னுரை எழுதிக் கொடுத்தவர் உ.வே. சாமிநாதையர். சொந்தப் பெயரில், ஒரு முஸ்லிம் பெண்ணின் பெயரில், எண்பது வருடத்துக்கும் முன்னால்! கொடியை அறிந்த நமது பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுத்தோம்?

“பெண்கள் எழுதினால்தானே போடுவதற்கு” என்று பதிப்பாளரும் தொகுப்பாளரும் கையை விரிக்கிறார்கள். இது பொய். அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிகளின் சிறுகதைப் பிரிவில் நமது பாடசாலை மாணவிகள் வலய மட்டம், மாகாண மட்டம் என்று ஏறிப் போகிறார்கள். கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரியின் ஆசிரியைகளைக் கேட்டால் சொல்வார்கள். இலங்கை வானொலி முஸ்லிம் சேவையின் ‘மாதர் மஜ்லிஸ்’ நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் இருந்து பெண்கள் அனுப்பிய பிரதிகளால் ஓடிய நிகழ்ச்சி. தினகரனிலும் வீரகேசரியிலும் நவமணியிலும் ஊர்ப் பெயரோடும் புனைபெயரோடும் பெண்கள் எழுதினார்கள். பதினாறு வயதில் சான்றிதழ் வாங்கிய பிள்ளை இருபத்தாறு வயதில் ஏன் எழுதவில்லை என்று எந்தத் தொகுப்பாளராவது அவள் வீட்டுப் படியேறிக் கேட்டாரா? அலுமாரிக்குள் கிடக்கும் கொப்பி ஒன்றை வாங்கிப் பார்த்தாரா? தேடாமல் இல்லை என்கிறவர்கள் அந்த இல்லாமையில் பங்காளிகள். முற்போக்கு என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் ஆண் எழுத்தாளர்களை இங்கே தனியாகவே சொல்ல வேண்டும்: பெண்ணின் துயரத்தைத் தாமே எழுதி விருது வாங்குவதில் இருந்த சுறுசுறுப்பு, அவளுடைய பிரதிக்கு இடம் கொடுப்பதில் இல்லை.

ஆகவே கேட்கிறோம். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், தமிழ் கற்கும் தன் மாணவர்களைப் பழைய பத்திரிகைகளுக்குள்ளும் வானொலிப் பிரதிகளுக்குள்ளும் அனுப்பி, இந்தக் கரையோரத்துப் பெண்களின் கதைகளைத் தேடித் தொகுக்க வேண்டும். அங்கே கற்பவர்களில் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை யாரும் நினைவூட்டத் தேவையில்லை. பிரதேச செயலகங்களின் கலாசார உத்தியோகத்தர்கள் சாகித்திய விழா மலரில் பெண்களுக்கு ஒதுக்கும் சமையல் குறிப்பையும் வாழ்த்துப் பாவையும் நிறுத்திவிட்டு முழுச் சிறுகதைகளைப் போட வேண்டும். பள்ளிவாசல் நிருவாகங்களிடம் நாம் கேட்பது ஒரே ஒரு காரியம்: ஒரு கதையைப் பற்றி எழுதியவளின் வாப்பாவுக்கோ புருஷனுக்கோ ஆள் அனுப்பும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். உடன்பாடு இல்லையென்றால் எழுதுங்கள், அச்சிடுகிறோம். 2012இன் மிரட்டலுக்கும் 2015இன் பொய்ச் செய்திக்கும் பொறுப்பானவர்கள், அந்தப் பொய்யைப் பகிர்ந்தவர்கள், பகிர்ந்த அதே பக்கங்களில் ஸர்மிளா ஸெய்யிதிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டும். காலம் கடந்துவிட்டது என்பது சாட்டு. பானு முஷ்தாக்கை வாழ்த்துவதற்கு இருபத்தைந்து வருடம் தாமதமாக வந்தவர்களுக்கு இது ஒரு தாமதமே அல்ல.

இந்த இதழின் பங்கையும் சொல்லிவிடுகிறோம். அடுத்த இதழ் முதல் பெண்களின் சிறுகதைக்கு நடுப்பக்கங்கள் திறந்திருக்கும். சொந்தப் பெயரிலும் அனுப்பலாம், புனைபெயரிலும் அனுப்பலாம். புனைபெயருக்குப் பின்னால் ஆர் என்று கேட்டு அலுவலகத்துக்கு வருகிறவர்களுக்குத் தேநீர் உண்டு, பதில் கிடையாது.