வயசைப் பார்க்காதீர்கள், தெம்பைப் பாருங்கள்



இந்தத் தடவை சமையல் குறிப்பு இல்லை. எங்கள் அப்பச்சிக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பச்சிக்கு வயசு 76. மலத்தோடு ரத்தம் போனதை நாலு மாசம் யாரிடமும் சொல்லவில்லை. ஆத்தாவுக்குத் தெரிந்தபோது, "மூலச்சூடுதான்" என்று கருணைக்கிழங்கு மசியல் வைத்தார்கள். ஆள் வெளுத்து, முகப்புப் படி ஏறவே மூச்சு வாங்கின பிறகுதான் டாக்டரிடம் போனோம். குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்ததில் பெருங்குடல் புற்று என்று வந்தது.

"இந்த வயசிலே கத்தி வைக்கணுமா? இருக்கிற வரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்" என்றார்கள் உறவுக்காரர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. டாக்டர் சொன்னார்: "விட்டால் கட்டி குடலை அடைச்சுக்கும். அப்போ அவசரமா ஆபரேஷன் பண்ணணும். பெரியவங்களுக்கு அதுதான் ரொம்ப ஆபத்து."

பிறகு அப்பச்சியிடமே கேள்விகள். தனியாகக் கடைக்குப் போவீர்களா, எடை குறைந்ததா, ஞாபகம் எப்படி, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று. வயசு மட்டும் தடையில்லை, உடம்பின் தெம்புதான் கணக்காம். கடைசியில் "உங்க விருப்பம் என்ன ஐயா?" என்றார்.

"நாலு மாசம் மறைச்சு வச்ச கடன். வட்டியோட கட்டிடுறேன், செஞ்சிருங்க" என்றார் அப்பச்சி.

முதலில் ரத்தம் ஏற்றினார்கள், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிட்ட மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று டாக்டரே சொன்னார். நாமாக நிறுத்தக் கூடாது. கட்டியுள்ள பகுதியையும் பக்கத்து நெறிகளையும் எடுத்து, குடலை இணைத்தார்கள். மறுநாளே நடக்க வைத்தார்கள். ராத்திரி அப்பச்சி இடம் தெரியாமல் பிதற்றியபோது பயந்துவிட்டேன். முதியவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் இப்படி வருவதுண்டாம். கண்ணாடியை மாட்டிவிட்டு, தெரிந்த முகம் பக்கத்தில் இருந்ததும் தெளிந்தார்.

நெறிகளிலும் புற்று இருந்ததால் மருந்து வேண்டியிருந்தது. இளவயதினருக்கு மாத்திரையோடு ஊசி மருந்தும் சேர்ப்பார்களாம். 70 தாண்டியவர்களுக்கு அதனால் கூடுதல் பலன் குறைவு என்பதால் மாத்திரை மட்டும். இரண்டு வாரம் சாப்பிட்டு ஒரு வாரம் ஓய்வு, இப்படி ஆறு மாசம். உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தபோது உடனே சொன்னோம், அளவைக் குறைத்தார்கள். இப்போது சிகிச்சை முடிந்து, பரிசோதனைக்கு மட்டும் போய்வருகிறார்.

நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்கும் வந்தது குடல் புற்றுதான். முதலில் சீதபேதி என்று நினைத்துவிட்டார்கள். 1923இல் தங்கை போய்விட்டார். அந்தத் துக்கத்தில் விழுந்த விதைதான் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக முளைத்தது. படித்த வீட்டிலேயே ஏமாந்தார்கள் என்றால் நாம் எம்மாத்திரம்?

ஆகவே சகோதரிகளே, வீட்டுப் பெரியவர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். மலத்தில் ரத்தம், மலம் போகும் வழக்கத்தில் மாற்றம், காரணமில்லாத சோகை, எடை இழப்பு இருந்தால் மூலம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். செலவுக்குப் பயந்தும் தள்ளிப்போடாதீர்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் உண்டு. எங்கள் வீட்டில் இப்போதும் கருணைக்கிழங்கு மசியல் உண்டு. ருசிக்காக மட்டும்.