சிறுகோள்களும் பொன்னாசையும்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட வெளியில் எண்ணிறந்த பாறைத் துண்டங்கள் ஞாயிற்றைச் சுற்றி வருகின்றன. சிறுகோள்கள் எனப்படும் இவற்றுள் சில நம் பூமியின் பாதைக்கு அருகிலும் வந்து செல்வதுண்டு. இவற்றை நாடிக் கலம் விடுப்பது வீண் செலவென்பார் சிலர். அங்குள்ள பொன்னையும் பிளாட்டினத்தையும் வாரி வரலாமென்பார் வேறு சிலர். இவ்விரு திறத்தாரும் உண்மையை ஊன்றி நோக்கினாரல்லர் என்பது நம் கருத்து.

1801ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரிற் பியாஸி என்னும் பாதிரியார் சீரிஸைக் கண்டதே இத்துறைக்குத் தொடக்கம். நம் சென்னைக்கும் இதிற் பங்குண்டு. பலர் இதனை அறியார். இந்நகரத்து வானாராய்ச்சி நிலையத்திலிருந்து போக்ஸன் என்பார் 1861இல் ஒரு சிறுகோளைக் கண்டு அதற்கு 'ஏஷியா' எனப் பெயரிட்டார். ஆசியாக் கண்டத்தினின்று முதன்முதற் கண்டறியப்பெற்ற சிறுகோள் அதுவே.

நிற்க. பொன்னாசை கொண்டார் ஒரு கணக்கை நோக்குவாராக. ஜப்பானியரின் ஹயபூஸா என்னும் கலம் பல இடர்ப்பட்டு 2010இல் மீண்டபோது கொணர்ந்தது கண்ணுக்கெட்டாத் துகள்களே. அதன் பின்வந்த கலம் 2020இற் கொணர்ந்தது 5.4 கிராம். அமெரிக்கர் பென்னு என்னும் சிறுகோளுக்கு விடுத்த கலம் ஏழாண்டு உழன்று, 2023இல் 121.6 கிராம் மண்ணை யூட்டாப் பாலையில் இறக்கிற்று. நம் பழைய நிறையில் அது ஏறக்குறைய மூன்றரைப் பலம். செலவோ 100 கோடி டாலருக்கும் மேல்! இவ்விலை கொடுத்துப் பொன் தோண்டுவார் உளரோ?

ஆயினும் அம்மண் பொன்னினும் அரியதே. பூமியின் பழம்பாறைகள் உருகியும் தேய்ந்தும் உருமாறின. பென்னுவின் மண்ணோ ஏறக்குறைய 450 கோடி ஆண்டுகட்கு முற்பட்ட செய்தியைத் தாங்கி நிற்கின்றது. உயிர்கள் தம் புரதங்களை ஆக்கப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களுள் 14 அதிற் காணப்பட்டன. உப்புநீர் வற்றிய சுவடும் உண்டு.

அங்குச் சென்று தொடுவதும் எளிதன்று. பென்னுவின் குறுக்களவு அரை கிலோமீட்டரளவே; அதன் ஈர்ப்போ மிக மிகச் சிறிது. கலம் அதனைத் தொட்ட 2020ஆம் ஆண்டில், அங்கிருந்து வானொலிச் செய்தி பூமியை எட்ட 18 நிமிடத்துக்கு மேலாயிற்று. ஆதலின் இடர் நேரின் கலம் தானே தன்னைக் காத்துக்கொள்ளல் வேண்டும். தொட்ட கையோ உறுதியான தரையைக் காணாது, தளர்ந்து கிடந்த கற்குவையுட் புதைந்தது. உடனே மேலெழும்பியிராவிடிற் கலமே அதனுள் அமிழ்ந்திருக்கும்.

இவ்வறிவால் நமக்கென்ன பயன் என்பார்க்கு விடை உண்டு. 2013இல் ருஷியாவின் செல்யாபின்ஸ்க் நகர்மேல் வெடித்த சிறுகோள் ஏறக்குறைய 20 மீட்டரே அகலமுடையது. ஜன்னற் கண்ணாடிகள் சிதறி ஆயிரவர்க்கு மேற்பட்டோர் காயமுற்றனர். ஞாயிற்றின் திசையினின்று வந்தமையின் அதனை முன்னறிந்தார் எவருமிலர். 2022இல் அமெரிக்கர் டைமார்ஃபஸ் என்னும் கோளின்மேல் ஒரு கலத்தை வேண்டுமென்றே மோதுவித்து, அதன் சுற்றுக் காலத்தை அரைமணி நேரத்துக்கும் மேலாகக் குறைத்தனர். வருவது கற்குவையோ இரும்புப் பாறையோ என்றறியாமல் எவ்வளவு விசையுடன் மோதுவது? முன்கூட்டிக் காணாவிடின் மோதுவதுதான் எங்ஙனம்? ஆகவே சுரங்கப் பேச்சைப் பின்னர் வைத்து, இன்னும் காணப்படாதவற்றைத் தேடும் தொலைநோக்கிகட்கே, அதிலும் விண்ணில் நின்று ஞாயிற்றின் பக்கம் நோக்குவனவற்றுக்கே, பொருளை முதலிற் செலவிடல் வேண்டுமென்போம்.

2029 ஏப்ரல் 13ஆம் நாள் அபோஃபிஸ் என்னும் சிறுகோள் பூமிக்கு 32,000 கிலோமீட்டரளவு அணுகிச் செல்லும். அது மோதாதெனக் கணித்துள்ளனர், அச்சம் வேண்டா. அருகிருந்து ஆராய அத்துணைப் பெரிய பொருள் அவ்வளவு அண்மையில் வருவது மிக அரிது.