கிளிசரினும் தென்னை நார்க்கழிவும்

மார்கழி, தை வந்தாலே சேத்துல நிக்கிறவங்களுக்குக் குதிகால் வெடிக்கும். பித்தவெடிப்புன்னு சொல்லுவோம். என் வீட்டம்மாவுக்குப் போன வருசம் ரத்தமே கசிஞ்சுது. மெடிக்கல்ல ஒரு கிளிசரின் பாட்டில் வாங்கி, காஞ்ச காலில் அப்படியே தடவிவிட்டேன். பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு, பாயெல்லாம் பிசுக்கானதுதான் மிச்சம். "இதுக்குப் பேசாம சும்மாவே இருந்திருக்கலாங்க"ன்னு திட்டு வேற. பாட்டில் அலமாரிக்குப் போயிருச்சு.

இந்தப் பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வந்த மக, அம்மாவுக்குன்னு ஒரு க்ரீம் கொண்டுவந்தா. உள்ளங்கைக்குள்ள அடங்குற ட்யூப். விலை ஒரு மூட்டை யூரியாவை விட ஜாஸ்தி. பூச்சிமருந்து டப்பாவைத் திருப்பிப் படிச்சுப் பழகின கை, இதையும் திருப்பிப் பார்த்தேன். எது அதிகமா இருக்கோ அதைத்தான் முதல்ல போடுவாங்க. முதல்ல தண்ணி, ரெண்டாவது கிளிசரின்! நம்ம அலமாரியில தூங்குறதேதான்.

அப்போ நான் தடவினது ஏன் கேட்கல? தண்ணி இல்லாமத் தடவினதுதான் தப்பு.

தென்னை நார்க்கழிவை நினைச்சுக்குங்க. தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணியைப் பிடிச்சு வைக்கும். ஆனா அது தண்ணியை உண்டாக்காது. காஞ்ச நார்க்கழிவைக் கொட்டித் தண்ணி பாய்ச்சாம விட்டா, மண்ணுல இருக்கிற ஈரத்தையும் அதுவே உறிஞ்சிக்கும். கிளிசரினும் அப்படித்தான். காத்துல ஈரம் இல்லாத நாள்ல, காஞ்ச தோல்ல தனியாத் தடவினா, தோலுக்கு அடியில இருக்கிற ஈரத்தையே இழுக்கப் பார்க்கும்.

இப்ப ராத்திரியில வெதுவெதுப்பான தண்ணியில காலை பத்து நிமிசம் ஊற வைக்கிறோம். ஒத்தித் துடைச்சிட்டு, ஈரம் காயறதுக்குள்ள, ஒரு பங்கு கிளிசரினுக்கு ரெண்டு பங்கு தண்ணி கலந்து தடவுறோம். மேல கொஞ்சம் தேங்காயெண்ணெய். மண்ணுக்கு மூடாக்கு மாதிரி, அது ஈரம் ஆவியாப் போகாம மூடி வைக்கும். அப்புறம் பழைய பருத்திச் சாக்ஸ். மூணு வாரத்துல வெடிப்பு கூடிருச்சு.

"அது கெமிக்கல் ஆச்சே?"ன்னு டவுன்காரங்க கேட்பீங்க. தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் எதுவானாலும் கொழுப்பு அமிலங்களைக் கட்டி வச்சிருக்கிறது கிளிசரின்தான். எண்ணெயில காரம் சேர்த்துச் சோப்பு காய்ச்சும்போது அது பிரிஞ்சு வரும். 1779லயே ஷீலேங்கிற ஸ்வீடன்காரர் ஆலிவ் எண்ணெயிலிருந்து பிரிச்சுட்டார். நம்ம உடம்புத் தோல்லயும் அது இயற்கையாவே இருக்கு. பேரைக் கேட்டுப் பயப்படவும் வேண்டாம், "கெமிக்கல் இல்லாதது"ன்னு எழுதியிருந்தா கூடக் காசு கொடுக்கவும் வேண்டாம்.

ஆனா சில விஷயத்துல கவனமா இருங்க. விரலிடுக்கில அரிச்சு வெளுத்துப்போற சேத்துப்புண்ணுக்கு இதைத் தடவாதீங்க. அது பூஞ்சை, காலைக் காய வைக்கணும், மருந்து வேற. சர்க்கரை இருக்கிறவங்க வெடிப்பு ஆழமானா டாக்டர்கிட்டக் காட்டிருங்க, கைவைத்தியம் பார்த்துக்கிட்டு நாள் கடத்தாதீங்க. பாட்டில்ல ஐ.பி.ன்னு போட்டிருக்கான்னு பார்த்து மெடிக்கல்லயே வாங்குங்க. மலிவா இருக்கேன்னு சில்லறையா அளந்து தர்றதை வாங்காதீங்க. 2006ல பனாமா நாட்டுல, கிளிசரின்னு பேர் போட்டு வந்த வேறொரு விஷ திரவம் இருமல் மருந்துல கலந்து எத்தனையோ பேர் செத்தாங்க.

க்ரீமே வாங்காதீங்கன்னு நான் சொல்லல. தண்ணி, கிளிசரின், எண்ணெய் மூணையும் பதமாக் கலந்து தர்றதுக்கும் ஒரு கூலி உண்டு. பிசுக்கு இல்லாம இருக்கும், வேலைக்குப் போறவங்களுக்கு வசதி. ஆனா எதுக்குக் காசு கொடுக்கிறோம்னு தெரிஞ்சு கொடுங்க. எங்க தேங்காய்க்கு ஒரு ரூபா கூடக் கேட்டா எத்தனை கேள்வி கேட்கிறீங்க! அதுல ஒரு கேள்வியை அந்த ட்யூப்புகிட்டயும் கேளுங்க. இன்னைக்கு வீட்டுல இருக்கிறதைத் திருப்பிப் பாருங்க, பதில் பின்னாடியே இருக்கும்.