புல்லரை எங்கே மாட்டுவீங்க?

"புல்லரைக் கொண்டு கிராங்க் ஷாஃப்ட் ஹப்பைக் கழற்ற வேண்டும்." இன்ஜின் பிரிக்கிற எக்ஸ்பெரிமென்டுக்கு நம்ம ரெக்கார்டு நோட்டில் இருப்பது இந்த ஒரே வரி. எழுதிட்டோம், கையெழுத்து வாங்கிட்டோம், முடிஞ்சது. ஆனா மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் படிக்கிற ஒவ்வொருத்தரும் டிகிரி வாங்குறதுக்குள்ள ஒரு ஹப்பையாவது சொந்தக் கையால கழற்றி, திரும்ப மாட்டியிருக்கணும் என்பது என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

இன்ஜினின் முன்பக்கம், கிராங்க் ஷாஃப்ட் நுனியில் உட்கார்ந்திருப்பதுதான் இந்த ஹப். பல கார்களில் இதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம், அதற்கு வெளியே பெல்ட் ஓடும் கனமான இரும்பு வளையம். ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது ஷாஃப்ட் லேசா முறுக்கி நிமிரும். அந்த அதிர்வை அடக்குவது இந்த அமைப்பு.

இப்ப கழற்றலாம். நடு போல்டைத் திருப்பினா இன்ஜினும் கூடவே சுத்தும். அதனால ஃப்ளைவீலை லாக் பண்ணணும். நீளமான பாரை சேஸிஸில் முட்டுக்கொடுத்து, ஸ்டார்ட்டரைத் தட்டி போல்டை இளக்குறவங்களும் இருக்காங்க. பார் நழுவினா கை போயிடும், அதைச் செய்யாதீங்க.

போல்ட் வந்தாச்சு, ஹப் அசையாது. புல்லரை எங்கே மாட்டுவீங்க? கைக்கு எட்டுற வெளி வளையத்தில் மாட்டி இழுத்தா, இழுவிசை முழுக்க ரப்பர் மேல போகும், ரப்பர் பிய்ஞ்சிடும். உள்ளே இருக்கிற ஹப்பைத்தான் பிடிக்கணும். புல்லரின் நடு ஸ்க்ரூ ஷாஃப்டில் உள்ள மரையைக் கெடுக்காம இருக்க, இடையில் ஒரு முட்டுக்கம்பி வேணும். சுத்தியலால் அடிச்சா அந்த அடியை வாங்குறது த்ரஸ்ட் பேரிங். ஆயில் சீல் உரசுற பகுதியில் ஒரு கீறல் விழுந்தாலும் ஆயில் கசியும்.

1997-இல் கார்வெட் காரில் வந்த ஜெனரல் மோட்டார்ஸ் எல்எஸ்1 இன்ஜினைப் பாருங்க. அதில் ஹப்புக்குச் சாவியே கிடையாது. ஷாஃப்டை விட ஹப்பின் துளை துளியூண்டு சின்னது, அந்த இறுக்கமும் போல்டும்தான் பிடிமானம். திரும்ப மாட்டும்போது பழைய போல்டால் 330 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி ஹப்பை உட்கார வைக்கணும். பிறகு அதைக் கழற்றிட்டு, புது போல்டை 50 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, மேலும் 140 டிகிரி திருப்பணும். போல்ட் ஈல்டு பாயின்ட் வரை நீளுவதால் கடைசி இறுக்கத்துக்குப் புதுசுதான் போடணும். இன்டர்ஃபெரன்ஸ் ஃபிட், ஸ்ட்ரெஸ்-ஸ்ட்ரெயின் வரைபடம், டார்ஷனல் வைப்ரேஷன் என மூணு தனித்தனி பேப்பரில் நாம மனப்பாடம் செஞ்சது எல்லாம் ஒரே போல்டில் இருக்கு.

"இனிமே எலெக்ட்ரிக் வண்டிதான், இது எதுக்கு?"ன்னு கேட்பீங்க. மோட்டாரின் ரோட்டர் ஷாஃப்டிலும் பேரிங் இதே மாதிரி இறுக்கமாத்தான் உட்கார்ந்திருக்கு. அதைக் கழற்றவும் புல்லர்தான், விசை எந்த வழியா போகுதுங்கிற கேள்வியும் அதேதான்.

"முப்பது பேர் கழற்றினா இன்ஜின் என்ன ஆகும்?" என்பது லேப் தரப்பின் பயம். நியாயமானதுதான். அதுக்குத்தான் ஓடாத இன்ஜின் கேட்கிறோம். புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய இன்ஜின் கிடைக்கும். அஞ்சு பேர் கொண்ட குழு, சரியான புல்லர் ஒண்ணு, டார்க் ரெஞ்ச் ஒண்ணு, கண்ணாடியும் கையுறையும், பக்கத்தில் லேப் அண்ணன். உடைஞ்சா உடையட்டும், வேலைக்குப் போன இடத்தில் கஸ்டமர் வண்டியில் உடைக்கிறதை விட அது மலிவு.

அடுத்த செமஸ்டர் லேப் அட்டவணை போடுறதுக்கு முன்னாடி, உங்க கிளாஸ் ரெப் மூலமா துறைத்தலைவரிடம் இதை எழுத்தில் கேளுங்க.