பேட்டரி மேல பழியைப் போடாதீங்க சாமி!

மக்களே, பழைய பைக் வெச்சிருக்கிற யாரா இருந்தாலும் இந்த வசனத்தைக் கேட்டிருப்பீங்க. "பேட்டரி போச்சு சார், புதுசு போட்ருங்க."

ஹெட்லைட் மங்கலா எரியுதா? பேட்டரி. ஹாரன் இருமுதா? பேட்டரி. இண்டிகேட்டர் போட்டா பின்னாடி பிரேக் லைட்டும் சேர்ந்து கண்ணடிக்குதா? அட, அதுக்கும் பேட்டரிதான்! இந்தத் தீர்ப்பு மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு கடுப்பு. இன்னைக்குக் கொட்டிடறேன்.

எங்க தெருவுல பால் ஊத்துற அண்ணன் ஒருத்தர் இருக்கார். வண்டி 2003 மாடல் ஸ்ப்ளெண்டர். விடியக்காலை நாலு மணிக்கு ரெண்டு பக்கமும் கேனைக் கட்டிக்கிட்டு, தெருவிளக்கே இல்லாத தோட்டத்து ரோட்டுல போகணும். ஹெட்லைட் மெழுகுவத்தி மாதிரி எரியுதுன்னு ஒர்க்ஷாப்புக்குப் போனார். பேட்டரி மாத்தினாங்க. வெளிச்சம் அப்படியேதான் இருந்துச்சு. திரும்பப் போனார், பல்பை மாத்தினாங்க. அப்பவும் அதே மெழுகுவத்தி.

இதுல வேடிக்கை என்னன்னா, அந்த வண்டியில ஹெட்லைட்டுக்கும் பேட்டரிக்கும் சம்பந்தமே கிடையாது. 1994ல வந்த ஸ்ப்ளெண்டர்லயும், அந்தக் காலத்து நிறைய சின்ன வண்டிகள்லயும் ஹெட்லைட் ஓடுறது ஏசி கரண்ட்ல. இன்ஜின் பக்கத்துல சுத்துற மேக்னட், காயில்ல உண்டாக்குற கரண்ட் நேரா லைட்டுக்குப் போகுது. அதனாலதான் ஐடிலிங்ல மங்கலாவும், ஆக்சிலேட்டர் முறுக்கினா பளிச்சுன்னும் எரியும். ஸ்பார்க்குக்கும் பேட்டரி தேவையில்லை. பேட்டரியைக் கழட்டித் திண்ணையில வெச்சுட்டு கிக்கரை உதைச்சாலும் இன்ஜின் ஓடும், லைட்டும் எரியும் (செஞ்சு பாக்காதீங்க, புரியறதுக்குச் சொல்றேன்). பேட்டரி வேணுங்கிறது ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் இதுக்கெல்லாம்தான். ஹெட்லைட்டை அணைக்கவே முடியாதபடி இப்ப வர்ற புது வண்டிகளைப் பத்தி நான் பேசலை, அது வேற ஜாதி.

அப்ப அண்ணன் வண்டியில என்ன கோளாறு? எர்த்!

ஹோண்டா வழி வந்த வண்டிகள்ல பச்சை ஒயர்னா எர்த். ஹெட்லைட் டூமுக்குள்ள கொத்தா இருக்கிற ஒயர்ல இருந்து பச்சையைப் பிடிச்சேன். ஒரு முழ ஒயர் எடுத்து, ஒரு முனையை அந்த பல்பு ஹோல்டர் பச்சையிலயும், மறு முனையைச் சுரண்டின இன்ஜின் போல்ட்லயும் வெச்சு ஆக்சிலேட்டர் முறுக்கச் சொன்னேன். எதிர் சுவர் வெள்ளையாயிடுச்சு. அவ்ளோதான் சோதனை. கனெக்டரைப் பிரிச்சா, உள்ள செம்பு பூரா களிம்பு ஏறிக் கிடக்கு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பின்னை லேசா நெருக்கி மாட்டினதும் சரியாயிடுச்சு. செலவு? ஒரு டீ. அதுவும் அவர் வாங்கிக் கொடுத்தது :-)

இத்துனூண்டு களிம்பு அவ்ளோ வெளிச்சத்தைத் திங்குமான்னு கேப்பீங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. 35 வாட் பல்பு, 12 வோல்ட். சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். பல்போட தடை நாலு ஓம் சொச்சம். வழியில அரை ஓம் களிம்பு உக்காந்துச்சுன்னா பல்புக்குக் கிடைக்கிறது 11 வோல்ட்டுக்கும் கொஞ்சம் கீழ. ஒரு வோல்ட்தானே போச்சுன்னு தோணும். ஆனா இழை பல்புல வோல்ட் கொஞ்சம் குறைஞ்சாலும் வெளிச்சம் மடமடன்னு இறங்கும். தோராயமா மூணுல ஒரு பங்கு வெளிச்சம் காலி. அதுவே ஒரு ஓம்னா பாதிக்கு மேல போயிடும். இதை எந்தப் புது பேட்டரியும் சரி பண்ணாது.

பெயிண்ட் அடிச்சு வந்த வண்டிகள் இன்னொரு ரகம். பளபளன்னு வரும், ஆனா லைட் சரியா வேலை செய்யாது. எர்த் போல்ட் உக்கார்ற இடத்துலயும் சேத்து பெயிண்ட் அடிச்சிருப்பாங்க. பெயிண்ட் வழியா கரண்ட் எப்படிப் போகும்?

பல்பு அடிக்கடி ஃபியூஸ் போகுதா? "டூப்ளிகேட் பல்பு சார்"னு சொல்வாங்க. ரெகுலேட்டரோட எர்த் லூசா இருந்தா அது கரண்டைக் கட்டுப்படுத்த முடியாம மொத்த வோல்ட்டையும் பல்பு மேல விட்டுடும். முதல்ல அந்தப் பச்சை ஒயரைப் பாருங்க. ஹேண்டில்பாரைத் திருப்பும்போது மட்டும் கோளாறு வருதா? கோன்செட் கிட்ட ஒயர் மடங்கி மடங்கி உள்ள செம்பு அறுந்திருக்கும். மேல் உறை நல்லாவே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மழைல நனைஞ்சு ஸ்பார்க் சுத்தமா இல்லையா? சிடிஐ யூனிட் வாங்கறதுக்கு முன்னாடி, சிடிஐ கிட்ட வர்ற கருப்பு-வெள்ளை ஒயரை மட்டும் கழட்டிட்டு உதைச்சுப் பாருங்க. ஸ்பார்க் வந்துச்சுன்னா சிடிஐ மேல தப்பில்லை, சாவி சுவிட்சுக்குள்ள தண்ணி.

இதெல்லாம் மெக்கானிக்குங்களுக்குத் தெரியாதான்னா, நல்லாத் தெரியும். பாதிப் பேர் தூக்கத்துலயே செய்வாங்க. அப்புறம் ஏன் பேட்டரியை மாத்துறாங்க?

இங்கதான் நான் நம்மாளுங்களோட சண்டைக்கு நிக்கிறேன். ஒரு மெக்கானிக் ஒன்றரை மணி நேரம் டேங்கைக் கழட்டி, ஒயர் ஒயராத் தடவி, ஒரு களிம்பு பிடிச்ச பின்னைக் கண்டுபிடிச்சு, "முன்னூறு ரூபா குடுங்க"ன்னு கேட்டா என்ன சொல்றோம்? "என்னப்பா, ஒண்ணும் மாத்தவே இல்லையே, எதுக்கு முன்னூறு?" அதே ஆளு அஞ்சு நிமிஷத்துல அட்டைப்பெட்டியில இருந்து புது பேட்டரியை எடுத்து மாட்டிட்டு ஆயிரம் சொன்னா, வாரண்டி கார்டு கேட்டு வாங்கிக்கிட்டு சந்தோஷமா நீட்டுறோம். கையில பொருள் வந்தாத்தான் காசுங்கிற ஊர்ல, எவன் உக்காந்து கோளாறைத் தேடுவான்? அவருக்கும் கடை வாடகை இருக்கு. தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குன்னு தனியா கூலி கொடுங்க. வண்டியை விடும்போதே சொல்லிடுங்க: "அண்ணே, எதையும் மாத்த வேணாம், எங்க கோளாறுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க, அதுக்குக் காசு தரேன்." நான் பார்த்தவரைக்கும் இதைக் கேட்டதும் மெக்கானிக் முகமே மாறுது. பழைய மெக்கானிக்கா இருந்தா சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு உக்காந்துடுவார்.

நீங்களே பாக்கறதா இருந்தா ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்குங்க, புது பேட்டரி விலையில பாதிகூட ஆகாது. 12 வோல்ட் பேட்டரி ராத்திரி பூரா சும்மா நின்னு காலைல 12.6 காட்டுச்சுன்னா அது நிறைஞ்சிருக்கு. 12க்குக் கீழன்னா கிட்டத்தட்ட காலி. இன்ஜின் ஓடும்போது, கொஞ்சம் முறுக்கினா 14 பக்கம் ஏறணும். ஏறலைன்னா சார்ஜே ஆகலை, அந்த வண்டியில எத்தனை பேட்டரி போட்டாலும் செத்துக்கிட்டே இருக்கும்.

கொசுறு: ஃபியூஸ் போயிடுச்சுன்னு சிகரெட் பாக்கெட் தகரத்தாளைச் சுத்தி மாட்டுற மகராசன்களுக்கு... ஃபியூஸ் இருக்கிறது ஒயர் பத்திக்காம இருக்க. அந்த ஒயர் போறது பெட்ரோல் டேங்க்குக்கு அடியில. ஃபியூஸ் போய்க்கிட்டே இருந்தா அந்த இடத்துல ஒரு இண்டிகேட்டர் பல்பைக் கோத்து விடுங்க. எங்கயோ ஷார்ட்டுன்னா பளிச்சுன்னு எரியும். ஒயரை அங்கங்க அசைச்சுக்கிட்டே வாங்க, எந்த இடத்தைத் தொட்டதும் பல்பு மங்குதோ அங்கதான் ஆளு ஒளிஞ்சிருக்கான்.